அமெரிக்காவில் முதல் கிரெடிட் கார்டு: புதிதாக வந்த மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டால் போதும், ஒரே கேள்விகள்தான். வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வாடகை ஒப்பந்தம், சிம் கார்டு, வங்கிக் கணக்கு என்று அலைந்துகொண்டிருப்பவர்கள் அடுத்துக் கேட்பது கிரெடிட் கார்டைப் பற்றித்தான். நானும் எம்.எஸ். படிக்க வந்தவன்தான். சொல்லித்தர ஆள் இல்லாமல் ஒன்றிரண்டு இடங்களில் சூடுபட்டுத் தெரிந்துகொண்டேன். எஃப்-1 மாணவர் விசாவில் வந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

டெபிட் கார்டுதான் இருக்கிறதே, கிரெடிட் கார்டு எதற்கு?

பொருள் வாங்க டெபிட் கார்டே போதும். ஆனால் அதை எத்தனை வருடம் ஒழுங்காகத் தேய்த்தாலும் உங்கள் பெயரில் கடன் வரலாறு என்று ஒன்று உருவாகாது. நாளைக்கு வேறு வீடு பார்க்கும்போதும், கார் லோன் கேட்கும்போதும் அந்த வரலாற்றைத்தான் முதலில் புரட்டுவார்கள். அது இல்லை என்றால் மின் இணைப்புக்குக்கூட முன்பணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. உங்கள் கிரெடிட் கார்டை யாராவது திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால், சட்டப்படி உங்கள் தலையில் விழக்கூடியது அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டு தொலைந்தால் கணக்கு வேறு. தெரிந்த இரண்டு வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால்தான் அந்த 50 டாலர் வரம்பு. தாமதித்தால் 500 டாலர் வரை போகலாம், இன்னும் தாமதித்தால் அதற்கு மேலும் போகலாம். அதுவும் போவது உங்கள் சொந்தப் பணம். விசாரணை முடியும்வரை வாடகைக்கு என்ன செய்வீர்கள்?

ஊரில் என் சிபில் ஸ்கோர் 780. அது இங்கே செல்லாதா?

செல்லாது. இங்கே கடன் வரலாற்றைப் பதிந்து வைப்பவை ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்கள். ஊரில் அதே வேலையைச் செய்யும் சிபிலின் தாய் நிறுவனமே டிரான்ஸ்யூனியன்தான். ஆனாலும் அங்கே இருக்கும் கோப்பு இங்கே தானாக வந்து சேராது. ஊரில் எடுத்த கல்விக் கடனும் அப்படித்தான்: மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினாலும் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. நோவா கிரெடிட் என்ற நிறுவனம் வெளிநாட்டுக் கடன் அறிக்கையை இங்கிருக்கும் வங்கிகள் படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அதன் வழியாக இந்திய வரலாற்றைப் பார்க்க 2019-இல் வழி செய்தது. ஊரில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்து, சொந்தமாகக் கார்டு வைத்திருந்துவிட்டு வந்தவர்கள் முயன்று பார்க்கலாம். கல்லூரி முடித்த கையோடு வந்தவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்படியானால் இப்போது என் ஸ்கோர் பூஜ்யமா?

இல்லை. ஸ்கோரே கிடையாது. இங்கே கடன் மதிப்பெண்ணாகப் பார்க்கப்படும் ஃபைகோ ஸ்கோர் 300-இல் தொடங்கி 850 வரை போகும். பூஜ்யம் என்று ஒன்று அதில் இல்லை. முதல் கணக்கு தொடங்கி ஆறு மாதம் ஆனபிறகுதான் ஃபைகோ ஒரு எண்ணைக் காட்டும். வான்டேஜ்ஸ்கோர் என்று இன்னொன்று இருக்கிறது, அது ஓரிரு மாதத்திலேயே ஏதாவது காட்டிவிடும். இலவசச் செயலிகளில் பெரும்பாலும் தெரிவது அதுதான். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் குழம்ப வேண்டாம்.

ஃபைகோ எதைப் பார்க்கிறது என்பது ஒளிவுமறைவான விஷயம் இல்லை. நேரத்துக்குக் கட்டுகிறீர்களா என்பதற்கு 35 சதவீதம். வாங்கிய கடன் எவ்வளவு நிலுவையில் நிற்கிறது என்பதற்கு 30. கணக்கின் வயதுக்கு 15, புதிதாகக் கேட்ட கடன்களுக்கு 10, கடன் வகைகளுக்கு 10. மாணவராக இருக்கும்போது நம் கையில் இருப்பவை முதல் இரண்டும்தான். அந்த 65-ஐக் கவனித்துக்கொண்டால் மற்றவை தானாக நடக்கும்.

எஸ்எஸ்என் (அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்) இல்லாமல் கார்டு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கதவுகள் குறைவு. சில வங்கிகள் பாஸ்போர்ட்டையும் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தையும் வைத்தே மாணவர்களுக்குக் கார்டு தருகின்றன. இதை இணையத்தில் விண்ணப்பித்தால் எஸ்எஸ்என் கட்டத்தைத் தாண்டவே முடியாது. உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு நேரில் போய் உட்காருங்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய கிளை என்றால் இன்னும் நல்லது. அங்கே இருப்பவர்கள் வருடத்துக்கு நூறு மாணவர்களைப் பார்த்துப் பழகியவர்கள்.

எஸ்எஸ்என் வாங்க எஃப்-1 மாணவருக்கு ஒரு வேலை வேண்டும். நூலகம், உணவகம், டிஏ (கற்பித்தல் உதவியாளர்), ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்) என எதுவானாலும் வளாகத்துக்குள் கிடைத்த வேலை போதும். வேலை கொடுத்தவரிடம் ஒரு கடிதம், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு கடிதம், கூடவே பாஸ்போர்ட், ஐ-20, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு). இவற்றோடு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அமெரிக்கா வந்து பத்து நாளாவது ஆனபிறகு போவது நல்லது. அதற்கு முன் போனால் உங்கள் விவரம் அவர்கள் கணினியில் ஏறியிருக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதற்குக் கட்டணம் ஒன்றும் கிடையாது. யாராவது காசு கேட்டால் அவர் இடைத்தரகர்.

ஐடிஐஎன் எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது வரி கட்டுவதற்காக இங்குள்ள வரித்துறையான ஐஆர்எஸ் தரும் எண். வரித் தாக்கல் போன்ற காரணம் இருந்தால்தான் தருவார்கள். கார்டுக்காக மட்டும் அதன் பின்னால் ஓடுவதில் பயனில்லை. இந்த செமஸ்டரிலேயே வளாக வேலை கிடைக்கும் என்று தெரிந்தால், பேசாமல் எஸ்எஸ்என் வரும்வரை பொறுத்திருங்கள். மூன்று மாதத் தாமதத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

எனக்கு 19 வயது. இளங்கலை படிக்கிறேன். விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். ஆனால் 21 வயது நிறையாதவர்களுக்கு 2009-இல் வந்த கார்டு சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. பில்லைக் கட்டச் சொந்த வருமானம் இருப்பதாகக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் 21 வயது நிறைந்த ஒருவர் உங்களோடு சேர்ந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது வழியைப் பல வங்கிகள் இப்போது அனுமதிப்பதே இல்லை. ஆக, நடைமுறையில் சொந்த வருமானம்தான் வழி.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு வளாகத்துக்குள்ளேயே மேசை போட்டு, விண்ணப்பம் நிரப்பினால் டி-ஷர்ட் இலவசம் என்று கார்டு விற்றார்கள். அந்தப் பழக்கத்துக்கும் அதே சட்டம்தான் தடை போட்டது.

வருமானம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

உண்மையை. இது விளையாட்டு இல்லை. வங்கியிடம் கடன் வாங்கத் தெரிந்தே பொய் சொல்வது இங்கே கூட்டாட்சிக் குற்றம். விசாவில் இருப்பவர்களுக்கு அது தேவையே இல்லாத வம்பு.

உதாரணத்துக்கு, மணிக்கு 15 டாலர் சம்பளத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு நடக்கும் காலத்தில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பே அந்த 20 மணி நேரம்தான். வாரத்துக்கு 300 டாலர். பலர் இதை 52-ஆல் பெருக்கி 15,600 என்று எழுதிவிடுகிறார்கள். கோடையில் வேலை இருக்கும் என்று உறுதி இல்லாதபோது அது தப்பு. 16 வாரம் வீதம் இரண்டு செமஸ்டருக்கு 9,600. அதை எழுதுங்கள். மாணவர் கார்டுக்கு அந்த எண்ணிக்கையே போதுமானதாக இருக்கும். டிஏ, ஆர்ஏ உதவித்தொகை இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

எந்த மாதிரிக் கார்டு எடுப்பது?

முதலில் மாணவர் கார்டு. வரலாறு இல்லாதவர்களுக்கென்றே இருப்பது. லிமிட் சிறியதாக, பெரும்பாலும் சில நூறு டாலர்தான் இருக்கும். அது கிடைக்காவிட்டால் செக்யூர்டு கார்டு. 200 டாலர் வைப்புத்தொகை கட்டினால் 200 டாலர் லிமிட் என்ற கணக்கு. ஊரில் எஃப்டி போட்டு கார்டு வாங்குவதைப் போன்றதுதான்.

செக்யூர்டு கார்டில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த வைப்புத்தொகையிலிருந்து பில் கழியாது! ‘என் பணம்தான் அங்கே இருக்கிறதே’ என்று பில் கட்டாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வைப்புத்தொகை பிணை மட்டும்தான். பில்லைத் தனியாகத்தான் கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டி வந்தால் சில மாதங்கள் கழித்துப் பல வங்கிகள் சாதாரணக் கார்டாக மாற்றி, வைப்புத்தொகையைத் திருப்பித் தந்துவிடும். எடுக்கும்போதே இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அப்படி மாற்றுவார்களா, கடன் வரலாற்றைப் பதியும் மூன்று நிறுவனங்களுக்கும் தகவல் அனுப்புகிறார்களா?

வருடக் கட்டணம் உள்ள கார்டு முதல் கார்டாக வேண்டவே வேண்டாம். முதல் கார்டைப் பத்து வருடம் கழித்தும் மூடாமல் வைத்திருக்கப்போகிறீர்கள். கணக்கின் வயதுக்கு அது நல்லது. கட்டணம் இருந்தால் அந்தப் பத்து வருடமும் தண்டம். கேஷ்பேக் ஒரு சதவீதமா, ஒன்றரை சதவீதமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதும் இப்போது தேவையில்லை. மாதம் 300 டாலர் செலவுக்கு அந்த வித்தியாசம் ஒன்றரை டாலர்.

மாமா இங்கேதான் இருக்கிறார். அவர் கார்டில் என் பெயரைச் சேர்ப்பதாகச் சொல்கிறார். சரியா?

நல்ல மாமா. ஆத்தரைஸ்டு யூசர் என்று சேர்த்தால், அவருடைய அந்தக் கணக்கின் வரலாறு பொதுவாக உங்கள் அறிக்கையிலும் ஏறும். பில்லுக்குப் பொறுப்பு அவர்தான். ஆனால் நல்லது ஏறுவதைப் போலவே கெட்டதும் ஏறும். அவர் கார்டில் எப்போதும் லிமிட்டைத் தொடும் அளவுக்குப் பாக்கி நின்றால் அதன் நிழல் உங்கள் மேலும் விழும். அதை எப்படிக் கேட்பது என்று சங்கடமாக இருந்தால், உங்கள் சொந்த மாணவர் கார்டே மேல். உறவுக்குள் பணம் புகுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், விசாவில் எஃப்என்யூ என்று போட்டிருக்கிறார்கள். சிக்கல் வருமா?

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இது. இனிஷியலோடு வளர்ந்தவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ வந்து உட்கார்ந்துவிடும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. வங்கியில் ஒரு மாதிரி, எஸ்எஸ்என் அட்டையில் ஒரு மாதிரி, கார்டு விண்ணப்பத்தில் அப்பா பெயரைச் சேர்த்து இன்னொரு மாதிரி என்று கொடுத்தால், ஆள் அடையாளம் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நிற்கும். அதைவிட மோசம், உங்கள் கோப்பு இரண்டாகப் பிரிந்து பதிவாகலாம்.

எஸ்எஸ்என் அட்டையில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். வங்கிக் கணக்கை அதற்கு முன்பே வேறு மாதிரி தொடங்கியிருந்தால், அட்டை வந்ததும் கிளைக்குப் போய்த் திருத்திவிடுங்கள். முகவரியிலும் இதே கவனம் வேண்டும். அபார்ட்மென்ட் எண்ணை எழுத மறந்து, கார்டு தபால்காரரோடு இரண்டு வாரம் சுற்றிய கதை என்னுடையது.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அடுத்த வங்கியில் உடனே போடலாமா?

பொறுங்கள். ஏன் மறுத்தார்கள் என்று காரணம் சொல்ல வங்கி சட்டப்படி கடமைப்பட்டது. கடிதம் வரும், படியுங்கள். கடன் அறிக்கையைப் பார்த்து மறுத்திருந்தால், 60 நாளுக்குள் அந்த அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். பெரும்பாலும் காரணம் ‘போதிய வரலாறு இல்லை’ என்று இருக்கும், அல்லது பெயர் பொருந்தவில்லை என்று இருக்கும். இரண்டாவதை ஒரு தொலைபேசி அழைப்பிலேயே சரிசெய்துவிடலாம்.

ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் அறிக்கையில் இரண்டு வருடம் நிற்கும். ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் போட்டால், கடனுக்கு அலைகிறவர் போலத் தெரியும். பல வங்கிகளின் தளங்களில் கிடைக்குமா கிடைக்காதா என்று முன்கூட்டியே பார்க்கும் வசதி இருக்கிறது. அதனால் ஸ்கோருக்குப் பாதிப்பில்லை. அதில் பச்சைக்கொடி காட்டும் இடத்தில் போடுங்கள்.

ஸ்டேட்மென்ட் தேதி, டியூ டேட், மினிமம்... எதை எப்போது கட்டுவது?

நான் சூடுபட்டது இங்கேதான். என் முதல் பெரிய பில் 612 டாலர். செயலியில் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்ததும் முதலில் தெரிந்தது மினிமம், அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய 25 டாலர். அதுதான் இந்த மாதத் தவணைபோல என்று நினைத்துக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த பில்லில் மிச்சம் 587-க்கு வட்டி. அதோடு விடவில்லை, அந்த மாதம் புதிதாக வாங்கிய பாலுக்கும் முட்டைக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி. பதறிப்போய் முழுவதையும் கட்டினேன். அதற்கடுத்த பில்லிலும் சில டாலர் வட்டி! பில் போட்ட நாளுக்கும் நான் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அது.

விஷயம் இதுதான். உங்கள் பில் சுழற்சி செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 4 வரை என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 4 அன்று அந்த மாத பில், அதாவது ஸ்டேட்மென்ட் வரும். கட்டக் கடைசி நாள் அக்டோபர் 29 என்று இருக்கும். இடையில் குறைந்தது 21 நாளாவது தர வேண்டும் என்பது சட்டம். அந்த 29-க்குள் ஸ்டேட்மென்டில் இருக்கும் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் ஒரு சென்ட் வட்டி கிடையாது. செப்டம்பர் 6 அன்று வாங்கிய பொருளுக்கு 53 நாள் இலவசக் கடன். ஒரு டாலர் பாக்கி வைத்தாலும் இந்தச் சலுகை போய்விடும்.

அதனால் கார்டு வந்த அன்றே, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பில் கட்டும் ஆட்டோபே போட்டுவிடுங்கள். அதில் மூன்று தேர்வுகள் கேட்கும்: மினிமம், ஸ்டேட்மென்ட் பேலன்ஸ், கரன்ட் பேலன்ஸ். நடுவில் இருப்பதுதான் உங்களுக்கு. வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்?

வருட வட்டி 24 சதவீதம், ஒரு லேப்டாப் வாங்கிய பாக்கி 800 டாலர் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். முதல் மாத வட்டி 16 டாலர். நீங்கள் கட்டும் 25-இல் அசலுக்குப் போவது ஒன்பதே டாலர். அதற்குப் பிறகு அந்தக் கார்டில் ஒரு பொருள்கூட வாங்காமல் மாதம் 25 கட்டினால், முடிய நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். 800 டாலர் லேப்டாப்புக்கு மொத்தம் ஏறக்குறைய 1,290 டாலர் கட்டியிருப்பீர்கள். அதற்குள் அந்த லேப்டாப்பே பழுதாகியிருக்கும்.

லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறார்களே?

அது சட்டமில்லை, ஒரு தோராய வழிகாட்டி. குறைவாக இருப்பது நல்லது, அவ்வளவுதான். வங்கிகள் பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் தேதியன்று நிற்கும் பாக்கியைத்தான் தெரிவிக்கின்றன. 500 டாலர் லிமிட்டில் 420 நின்றால் 84 சதவீதம் என்று பதிவாகும். அதற்கு இரண்டு நாள் முன்பே 380-ஐக் கட்டிவிட்டால் மிச்சம் 40, வெறும் 8 சதவீதம்.

இதில் மாட்டுவது யார் தெரியுமா? நான்கு பேர் இருக்கும் வீட்டில் முதலில் கார்டு வாங்கியவர். எல்லா மளிகையும் அவர் கார்டில், எல்லா விமான டிக்கெட்டும் அவர் கார்டில். ‘அப்புறம் அனுப்பிடறேன் மச்சி’ என்ற வாக்குறுதியை வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளாது. உங்கள் லிமிட் சிறியது, நண்பர்களின் பசி பெரியது. பணம் கைக்கு வந்தபிறகு தேய்ப்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் கஞ்சன் என்பார்கள், பரவாயில்லை. ஒரு மாதம் தப்பித்தவறி அதிகமாகிவிட்டால் பயப்படவும் வேண்டாம். பெரும்பாலான ஃபைகோ வடிவங்கள் அன்றைய நிலையைத்தான் பார்க்கும். அடுத்த மாதம் குறைந்தால் ஸ்கோரும் மீண்டுவிடும்.

கொஞ்சம் பாக்கி வைத்தால் ஸ்கோர் ஏறும் என்கிறார்களே?

ஏறாது. வங்கிக்கு வட்டி ஏறும்.

என் ஸ்கோரை நானே பார்த்தால் குறையுமா?

குறையாது. ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் வாரம் ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஸ்கோர் இருக்காது, விவரம் இருக்கும். தெரியாத முகவரியோ கணக்கோ தென்பட்டால் அங்கேயே முறையிடலாம்.

கிரெடிட் கார்டில் ஏடிஎம்-இல் பணம் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். எடுத்த நொடியிலிருந்து வட்டி, தனியாக ஒரு கட்டணம், வட்டி விகிதமும் வழக்கமாக அதிகம்.

ஒருநாள் தாமதமாகிவிட்டது. எல்லாம் போச்சா?

இல்லை. முதலில் உடனே கட்டுங்கள். தாமதக் கட்டணம் போட்டிருப்பார்கள். வங்கியை அழைத்து, ‘முதல்முறை, தவறவிட்டுவிட்டேன்’ என்று பணிவாகச் சொன்னால் பலமுறை தள்ளுபடி செய்துவிடுவார்கள். கேட்காதவருக்குத்தான் கிடைப்பதில்லை. கடன் அறிக்கையில் தாமதம் என்று ஏறுவது 30 நாள் கடந்த பிறகுதான். ஆனால் ஏறிவிட்டால் ஏழு வருடம் இருக்கும். செமஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போகும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. அமெரிக்க எண்ணுக்கு வரும் ஓடிபி ஊரில் வராது, செயலிக்குள் நுழைய முடியாது. கிளம்பும் முன் ஆட்டோபே ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஊரில் அந்தக் கார்டைத் தேய்த்தால் 3 சதவீதம் வரை வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்கும் கார்டுகளும் உண்டு, அதையும் கவனியுங்கள்.

இரண்டாவது கார்டு எப்போது?

முதல் கார்டில் ஒரு வருடம் ஓடட்டும்.

படிப்பு முடிந்து ஊருக்கே திரும்பிவிட்டால்?

பாக்கியை முழுவதும் கட்டிவிட்டுப் போங்கள். கடல் தாண்டினால் கடன் மறையாது, வசூல் நிறுவனத்துக்குக் கைமாறும். என்றாவது திரும்பி வந்தால் அந்தப் பதிவு வரவேற்கக் காத்திருக்கும். மீண்டும் வரும் எண்ணம் இருந்தால், வருடக் கட்டணம் இல்லாத கார்டை மூடாமல் வைத்திருக்கலாம். ஆனால் ஒரு அமெரிக்க முகவரியும் ஓடிபி வாங்க ஒரு எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே தங்கிவிடுகிற நண்பர் யாராவது இருந்தால், எண்ணை மாதம் சில டாலர் திட்டத்துக்கு மாற்றி அவரிடம் சிம்மைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த எண்ணை வைத்து உங்கள் வங்கிக் கணக்கையே திறந்துவிட முடியும். எண்ணை இணைய அழைப்புச் சேவைக்கு மாற்றி வைப்பது மேல். ஆனால் உங்கள் வங்கி அப்படிப்பட்ட எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறதா என்று கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சோதித்துப் பாருங்கள்.